பத்துக் காசுக்குக் கைமாறும் கத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பழம்பொருள் சேர்ப்பவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். தபால்தலை, நாணயம், பழைய ரேடியோ, எல்லாம் சரி. ஆனால் சேர்ப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பொருளை அமுக்கப் பார்ப்பார்கள் என்ற மாதிரி கடைசியில் முடித்திருந்தார் கட்டுரையாளர். மற்றவர்கள் கதை எனக்குத் தெரியாது. பேனாக்கத்தி சேர்க்கிற நாங்கள் நான்கு பேர் அப்படி இல்லை.

நான் 34 வருடம் ஒயர்மேனாக வேலை பார்த்தவன். இன்னொருவர் பினாங்கு ஜார்ஜ்டவுனில் தச்சுக்கடை வைத்திருக்கும் சீனர். எனக்கு 67 வயதாகிறது, இன்னும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. மூன்றாமவர் பாலிக் பூலாவில் ஜாதிக்காயும் டுரியானும் வைத்திருக்கும் மலாய்க்காரர். எங்களுக்கு அவர் பக் சிக், மலாயில் மாமா என்கிற மாதிரி. நான்காவது ஆள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் தமிழ்ப் பையன்.

எங்கள் பித்தெல்லாம் ஒரே வகைக் கத்தியின் மேல்தான். லேம்ஸ்ஃபுட், அதாவது ஆட்டுக்குட்டிக் கால். மடக்குக் கத்திதான், ஆனால் வெட்டுவாய் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். முதுகுப் பக்கம் மெல்லச் சரிந்து வந்து முனையில் அதைத் தொடும். குத்துகிற கத்தி இல்லை இது. ஷீப்ஸ்ஃபுட் என்று இதற்கு ஓர் அண்ணன் உண்டு. அதில் முதுகு நேராகவே வந்து முனைக்குப் பக்கத்தில் வளைந்து இறங்கும். இரண்டையும் குழப்பினால் பக் சிக்குக்குக் கோபம் வந்துவிடும்.

இதன் ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. கத்தி செய்பவர்களுக்கு 1624-லேயே சட்டம் போட்டுச் சங்கம் அமைத்த ஊர். பிடிக்குப் போட்ட எருமைக்கொம்பும் கடமான் கொம்பும் இந்தியாவிலிருந்து அங்கே கப்பலேறிப் போனவைதான். என் அப்பா எஸ்டேட்டில் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்குக் கணக்குப்பிள்ளை. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தொரை ஒருவர் தம் கத்தியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதில் சாக்குக் கயிறு அறுத்தார், பென்சில் சீவினார், மாங்காய் நறுக்கினார். நான் ஒயரின் மேல்தோல் உரித்தேன். அந்த நேரான வாய்க்கு அது வாகான வேலை.

அந்தக் கத்தியை ஒருநாள் நானே கெடுத்தேன். மழுங்கியிருக்கிறதே என்று அவசரப் புத்தியில் கிரைண்டரில் பிடித்துவிட்டேன். பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தால் வெட்டுவாய் ஓரமாக நீலம் ஏறியிருந்தது. பழைய கார்பன் எஃகு அந்தச் சூட்டைத் தாங்காது. நீலம் படர்ந்தால் பதம் போயிற்று என்று அர்த்தம். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

தச்சரிடம் கொண்டுபோனேன். திட்டவில்லை. கல்லை நனைத்து, கத்தியைப் படுக்கவைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை. நீலம் ஏறிய பாகம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை, சூடே ஏறாமல், அவசரமே இல்லாமல். கத்தி கொஞ்சம் ஒல்லியாகிவிட்டது, ஆனால் காகிதத்தை வைத்தால் சத்தமில்லாமல் இறங்குகிறது. காசு கொடுக்கப் போனேன். "கோப்பி ஓ வாங்கிக் கொடு, தம்பி" என்றார். பால் விடாத காப்பிதான் அது.

அவர் ரொம்ப நாளாக ரோஸ்வுட் பிடி போட்ட லேம்ஸ்ஃபுட் ஒன்று தேடிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு அடியில் அது என் கையில் மாட்டியது. 15 வெள்ளி (ரிங்கிட்). உள்ளே இருப்பது சுருள் வில் இல்லை, பிடியின் முதுகோடு ஓடும் பட்டை வில். மூடினால் 'டக்' என்று பதில் சொல்கிறது. என்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம்தான். அன்றே அவர் கடைக்கு எடுத்துப்போனேன்.

அங்கேதான் சிக்கல். கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்பது எங்கள் அம்மாவின் சட்டம். கத்தியைச் சும்மா வாங்கினால் நட்பு அறுந்துவிடும், ஒரு காசாவது கொடுத்தால்தான் ஆகும் என்பது அவர் வீட்டுச் சட்டம். இழைப்பு மேசையில் நான் கத்தியை வைத்தேன். பக்கத்தில் அவர் பத்துக் காசு வைத்தார். அவரவர் எடுத்துக்கொண்டோம். பக் சிக் மரத்தூளில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் விலை. யார் எவ்வளவுக்கு வாங்கியிருந்தாலும் பத்துக் காசு. என்னிடம் 11 கத்தி இருக்கிறது. டப்பாவில் ஏழு பத்துக் காசு கிடக்கிறது, அதாவது ஏழு கத்தி என்னை விட்டுப் போயிருக்கிறது.

கத்தி என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கும் தெரியும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இல்லை நாங்கள்.

போன மாதம் தொழிற்சாலைப் பையன் முகம் வாடி வந்தான். "அங்கிள், மாங்காய் வெட்டினேன், கத்தி நீலமாகிவிட்டது." புளிப்புப் பட்டால் எஃகு அப்படித்தான் சாம்பலும் நீலமுமாகும், அது துரு இல்லை, கிரைண்டரில் நான் ஏற்றிய நீலமும் இல்லை என்று சொல்லி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தேன். வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுகிறானாம்! அது நாள்பட்டால் காறிப்போகும். பினாங்கின் உப்புக்காற்றுக்கு மெஷின் எண்ணெய்தான் லாயக்கு.

கட்டுரையாளரை நேரில் அழைக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் தச்சுக்கடையில்தான் இருப்போம். பக் சிக்கிடம் ஒரே மாதிரிக் கத்தி இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொடுக்க ஆள் தேடுகிறார். வரும்போது மறக்காமல் பத்துக் காசு கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒயர்மேன்,
ஆயேர் ஈத்தாம், பினாங்கு