தனித்தடங்களைக் கொடுங்கள்: சிங்கப்பூர் விளம்பர நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளம்பர நிறுவனத்தாருக்கும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் வணிக நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கும்,

வணக்கம். தீபாவளி முடிந்து, சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளும் இறங்கிவிட்டன. பண்டிகை நேரத்தில் மனக்கசப்பு வேண்டாம் என்று அடக்கிவைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான். நிறுவனத்துக்கென்று ஒரு மெட்டு இருக்கிறது. அது ஆண்டு முழுவதும் ராக் ஆகிறது, தனிப் பியானோ ஆகிறது, சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் தேசிய தினத்துக்கும் உடை மாற்றுகிறது. கடைசியில் தீபாவளிக்கு, தமிழ் வடிவம் செய்யும் எங்களிடம் வருகிறது. வரும்போது அது மெட்டாக வருவதில்லை. டிரம்ஸ், கிதார், ஹம்மிங் எல்லாம் கலந்து இறுகிய ஒரே ஒலிக்கோப்பாக வருகிறது. கூடவே ஒரு குறிப்பு: மேலே தபலாவும் சிதாரும் சேர்த்து இந்தியத் தன்மை கொடுக்கவும். வெள்ளிக்கிழமை மாலை வரும். திங்கட்கிழமை காலை வேண்டும்.

இந்த ஆண்டு உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், நாதஸ்வரமும் கேட்டார். மகிழ்ந்து போனேன். கோயிலில் வாசிக்கும் வித்வான் ஒருவரைக் காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் இடையில் ஸ்டூடியோவுக்கு வரவழைத்தேன். அவருடைய வாத்தியத்தின் ஸ்ருதி இரண்டரைக் கட்டை. உங்கள் கோப்பு அதைவிட உயர்ந்த நாலரைக் கட்டை. நாதஸ்வரத்தின் ஸ்ருதி அதன் உடலின் நீளத்தில் இருக்கிறது. ஊதும் முனையில் செருகும் சீவாளியை மாற்றினால் ஒரு மயிரிழை நகரும், அவ்வளவுதான். அவர் சீவாளியை மாற்றி மாற்றிப் பார்த்தார். சரி, கோப்பையே இறக்குவோம் என்று நான் ஸ்ருதியைக் குறைத்தேன். ஹம்மிங் செய்த பெண்ணின் குரல் ஜலதோஷம் பிடித்த ஆண்குரலாகிவிட்டது. குரலும் கிதாரும் தனித்தனித் தடங்களாக, அதாவது தனித்தனி ஒலிக்கோப்புகளாக, இருந்திருந்தால் குரலை மட்டும் மறுபடி பாடவைத்து, கிதாரைப் புதிதாக வாசித்து, மாலைப் பூசைக்கு முன்பே வேலையை முடித்திருப்போம். தடங்களைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அவை வேறு நாட்டு அலுவலகத்தில் இருப்பதாகவும், இருப்பதை வைத்துச் சமாளிக்கும்படியும் பதில் வந்தது. வித்வான் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பினார். கீபோர்டில் இருக்கும் நாதஸ்வர ஒலியை அழுத்தி நான் வேலையை முடித்தேன். அதைக் கேட்டுவிட்டு "மிகவும் அசலாக இருக்கிறது" என்று பாராட்டினீர்கள். நன்றி.

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். மெட்டைத் தனித்தடங்களாகக் கொடுங்கள். ஸ்ருதியையும் தாள நடையையும் மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள்.

மெட்டு பதிவுசெய்யப்பட்டது, ஒரு ஸ்வரத்தையும் தொடக்கூடாது என்பீர்கள். தொடவே வேண்டாம். ஒரு மெட்டின் அடையாளம் அதன் ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வடிவத்தில்தான் இருக்கிறது. நீங்கள் கலந்து இறுக்கிய கலவையில் இல்லை. ஸ்பானிய கிதார் கலைஞர் டாரெகாவின் வால்ட்ஸ் ஒன்றிலிருந்து எடுத்த சில ஸ்வரங்களை நோக்கியா கைப்பேசிகள் வெறும் பீப் ஒலியில் பாடின. கிதார் இல்லை, அரங்கம் இல்லை. ஆனாலும் பேருந்தில் அது ஒலித்தால் பத்துப் பேர் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். 1773இல் மொசார்ட் எழுதிய 25ஆம் சிம்பொனியின் தொடக்கத்தை எடுத்துக்கொண்ட டைட்டன் கைக்கடிகார விளம்பரங்கள், ஆண்டுக்கணக்கில் அதற்கு எத்தனையோ இந்திய வேடங்கள் போட்டன. யாருக்கும் அடையாளம் குழம்பவில்லை.

இத்தனைக்கும் உங்கள் மெட்டு நல்ல மெட்டு. ச ரி க ப த, ஐந்தே ஸ்வரங்கள். அதனால்தான் சீனப் புத்தாண்டு வடிவத்தில் குஷெங் என்னும் சீன வாத்தியத்தின் நரம்புகளில் அது அவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது. அதை அடியிலிருந்து புதிதாகப் பதிவுசெய்திருந்தீர்கள். கேட்டு ரசித்தேன், பொறாமையில்லை. ஆனால் அதே ஐந்து ஸ்வரங்கள்தான் எங்களுக்கு மோகனம். நாதஸ்வரக்காரர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் ராகம். மெட்டை அப்படியே வைத்து நடையை மட்டும் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாற்றி, தவிலைப் பின்னால் விட்டால், முதல் வரியிலேயே கல்யாண வீட்டு வாசல் திறந்துவிடும். நாலு நாலாக அடித்துக்கொண்டிருக்கும் டிரம்ஸைக் கோப்பிலிருந்து பிரிக்க முடியாதவரை இதைச் செய்ய வழியில்லை. கால்சட்டையைக் கழற்றாமல் அதன் மேலேயே வேட்டி கட்டச் சொல்கிறீர்கள்.

சிதாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அருமையான வாத்தியம், நானும் ரசிப்பவன்தான். ஆனால் இந்த ஊர்த் தமிழர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, தைப்பூசம் எதில் நீங்கள் சிதார் கேட்டீர்கள்? தைப்பூசக் காவடிக்கு முன்னால் போகும் உறுமியின் சத்தம் இந்த நகரத்துக்கே பழக்கமானது. விளம்பரத்துக்கு மட்டும் அது கேட்பதில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் நான்காவதாக நிற்பதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. காலும் கொம்பும் இடம் மாறிய தமிழ் அறிவிப்புகளைப் படித்துப் பொருள் கண்டுபிடிக்கும் திறமைகூட எங்களுக்கு வந்துவிட்டது. ஒலி 96.8 வானொலியிலும் வசந்தம் ஒளிவழியிலும் பண்டிகைக்காலம் முழுவதும் ஒரே கிலுகிலு மணியும் ஒரே தபலாவும், வங்கிக்கும் பேரங்காடிக்கும் கைப்பேசிக்கும் பொதுவாக ஓடுகின்றன. எது யாருடைய விளம்பரம் என்று வீட்டில் பந்தயம் கட்டலாம். தன் அடையாளத்துக்காகப் பணம் கொட்டிய நிறுவனம் எங்களைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

மன்னிக்கவும், கேட்க வந்தது சிறியது, எங்கெங்கோ போய்விட்டேன். நாங்கள் கூடுதல் பணம் கேட்கவில்லை (கொடுத்தால் மறுக்கமாட்டோம்). தலைமை மெட்டு உருவாகும்போதே எங்களில் ஒருவரையும் அந்த அறையில் உட்காரவைத்தால் நன்று. அது பெரிய ஆசை, ஓரமாக இருக்கட்டும். இப்போதைக்கு மெட்டைத் தனித்தடங்களாகக் கொடுங்கள். ஸ்ருதி எது, வேகம் எது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எந்தப் பகுதி மாறக்கூடாது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள், அதை மதிப்போம். இவை ஆகஸ்ட் மாதத்துக்குள் கிடைத்தால், எந்த வித்வானிடம் எந்தக் கட்டை வாத்தியம் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து, அவருக்குப் பூசை இல்லாத நேரம் பார்த்து ஸ்டூடியோவை ஏற்பாடு செய்துவிடுவேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம்.

இப்படிக்கு,
விளம்பரங்களுக்கு இசையமைக்கும் ஒருவர்
சிங்கப்பூர்