தோட்டம் போடப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். ஓய்வு பெற்றபின் நீ சும்மா இருக்கமாட்டாய் என்று தெரியும். ஆனால் தெருக்கோடியில் குப்பை கொட்டிக் கிடக்கும் மனையை அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு தோட்டமாக்கக் கிளம்புவாய் என்று நினைக்கவில்லை. முதலில் என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். செடியை அப்புறம் பார்க்கலாம். அந்த மனை யார் பேரில் இருக்கிறது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பேர்போன பொதுத்தோட்டங்கள் சில பூச்சியால் போகவில்லை, பத்திரத்தால் போயின. லாஸ் ஏஞ்சலிஸில் 14 ஏக்கரில் ஒரு தோட்டம் இருந்தது. சுமார் 350 குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டில் பயிர் செய்தார்கள். 2003இல் நகர நிர்வாகம் நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே விற்றுவிட்டது. வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்தும், 2006 ஜூனில் போலீஸ் வந்து ஆட்களை வெளியேற்றியது, பின்னாலேயே புல்டோசர் வந்தது. குப்பை கிடந்தவரை யாரும் எட்டிப்பார்க்காத மனைக்கு, பச்சை பிடித்ததும் உரிமை கொண்டாட ஆள் வந்துவிடும்.

நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியின் கூட்டம் இதில் கெட்டிக்காரக் கூட்டம். வேலி போட்டுப் பூட்டிய காலி மனைகளுக்குள் விதையையும் உரத்தையும் உருண்டை பிடித்து வீசிக்கொண்டிருந்தவர்கள், 1973இல் பவரி தெரு மூலையில் ஒரு குப்பை மனையைச் சுத்தம் செய்தார்கள். அதோடு நிற்காமல் அடுத்த வருடமே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டார்கள். அந்தத் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி இன்றும் இருக்கிறது. இதே நகரம்தான் 1999இல் 114 தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியது. ஏலத்துக்குச் சற்று முன்னால் இரண்டு அமைப்புகள் 42 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கியதால் தப்பின. உனக்கும் எனக்கும் அப்படி யாரும் வரப்போவதில்லை. அதனால் ஒரு வரியாவது எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தை வேண்டாம்.

அடுத்தது மண். பழைய வீட்டை இடித்த இடம் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே மண்ணைச் சோதிக்காமல் எதையும் விதைக்காதே. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்தது. சாலையோரம் என்றால் ஈயப் பெட்ரோல் புகையும் சேர்ந்திருக்கும். ஈயம் மட்கிப் போகிற பொருள் இல்லை, எத்தனை வருடமானாலும் அங்கேயே கிடக்கும். கீரையிலும் கிழங்கிலும்தான் கவலை அதிகம், மண் ஒட்டியபடியே வீட்டுக்கு வந்துவிடும். தக்காளி மாதிரிக் காய்களில் அவ்வளவாக ஏறாது. சந்தேகம் இருந்தால் பலகை அடித்து ஒரு அடி உயரத்துக்குப் பாத்தி கட்டி, வெளியிலிருந்து நல்ல மண் கொட்டு. அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டவேண்டும், உள்ளே யாரும் மிதிக்கக் கூடாது. உயரப் பாத்தி உன் முட்டிக்கும் நல்லது.

சரி, இனி ஆட்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் பெரிய சண்டை ஒரு அவரைப் பந்தலால் வந்தது. ஒருவர் ஆசை ஆசையாகப் பந்தல் போட்டார். அது தழைத்து, பக்கத்துப் பாத்தித் தக்காளிக்கு மத்தியானம் முழுக்க நிழல். தக்காளிக்காரர் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் பாத்தி வைத்திருந்த நான்தான் இருவர் புலம்பலையும் கேட்டேன். கடைசியில், உயரமாக வளர்வதெல்லாம் யாருக்கும் நிழல் விழாத ஓரத்தில்தான் என்று எழுதி வாசலில் ஒட்டினோம். இதை நீ முதல் நாளே ஒட்டிவிடு.

திருட்டும் உண்டு. பழுக்கும்வரை செடியில் இருக்கும், பழுத்த அன்று இருக்காது. வேலியோரப் பாத்தியில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று பலகை வைத்தோம். திருட்டு நிற்கவில்லை. எங்கள் கோபம்தான் குறைந்தது.

ஆரம்பக் கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறவர்களை வைத்துக் கணக்குப் போடாதே. வெயில் ஏறியதும் அவர்களில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். எங்களிடம் ஒரு அம்மா இருக்கிறார். கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. காலையில் வந்து, முந்தின நாள் யாரோ முறுக்கிப் போட்டுவிட்டுப் போன குழாயைப் பிரித்துச் சுருட்டி மாட்டுவார். எரு குழியைக் கிளறி, கையால் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பார். தண்ணீர் சொட்டினால் காய்ந்த சருகு போடுவார், உதிர்ந்தால் தண்ணீர் தெளிப்பார். அப்புறம், வராதவர்கள் பாத்திக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுவார். தோட்டம் அவரால்தான் நிற்கிறது என்று அவர் மகள் வீட்டுக்குப் போன இரண்டு வாரத்தில்தான் எல்லோருக்கும் புரிந்தது. வந்ததும் அவரைத் தலைவராக்கப் பார்த்தார்கள். மறுத்துவிட்டார். குழாய்க்கு ஒரு ஆணி அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். உன் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார், கண்டுபிடி. ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதே. சாவியும் தண்ணீர் முறையும் இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

குழந்தைகளுக்குத் தனிப் பாத்தி என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போடு, ஆனால் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் நடந்ததையும் கேட்டுக்கொள். 1860களில் அங்கே குழந்தைகள் விளையாட ஒரு திடல் அமைத்தார்கள். ஓர் ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்குப் பாத்தி போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது, களை மண்டியது, பெற்றோர் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனி முழுக்க இன்று இருக்கும் குடும்பத் தோட்டங்களுக்கு அதுவும் ஒரு தொடக்கம். ஆக, பேரனுக்குப் பாத்தி என்றால் களை பிடுங்குவது நீதான்.

என் பக்கம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண் கண்ணாடி மாற்றினேன். நல்ல அவரை விதை காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மனையின் படத்தை வரைந்து, வெயில் எந்தப் பக்கம், குழாய் எங்கே என்று குறித்து அனுப்பு. அதைப் பார்த்தபிறகுதான் விதை வரும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்