மருமகனிடம் முதலில் கணக்கைச் சொல்

மதுரை
பிப்ரவரி 2026

அன்புள்ள மாப்ளைக்கு,

என் மருமகன், அதான் உன் மகன், அவன் காலேஜ் படிப்பைப் பற்றி நீ போனில் கத்தியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் லாரி நின்றது, மல்லி மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் "எழுதுறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்றைக்கு ஞாயிறு, கீழமாசி வீதி அடங்கிக் கிடக்கிறது. எழுதத் தோதான நாள்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு அரவிந்தில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேத்தி செல்போனில் என்ன பார்க்கிறாள் என்று இப்போது தூரத்தில் இருந்தே சொல்லிவிடுகிறது. சின்னவன் பத்தாவது, அவன் பரீட்சை ஜுரம் தனி. வற்றல் விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும், விடு.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் வக்கீலுக்குப் படிக்கிறேன் என்கிறான், நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சில்லை என்கிறாய், தங்கச்சி நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போடுகிறாள். "எந்தக் காலேஜ்டா நல்ல காலேஜ்?" என்று கேட்டாய். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அவன் படிப்புக்கு உன்னால் மொத்தம் எவ்வளவு போட முடியும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாயா?

சொல்லியிருக்க மாட்டாய். "காசைப் பத்தி நீ ஏன் கவலைப்படுற, படிக்கிற வேலையைப் பாரு" என்பதுதான் நம் வீடுகளில் அப்பன் பேசும் வசனம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளை அதை நம்பி, சென்னையில் ஏதோ ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லும். உடனே நாம் "அங்கே ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லையாம்", "உனக்குத் தண்ணி சேராது", "நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் அந்தப் பக்கம் இல்லையே" என்று ஆரம்பிப்போம். பணம் இல்லை என்கிற ஒன்றை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். என் அண்ணன் வீட்டில் இப்படித்தான் ஆனது. அப்பாவுக்குத் தன் மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான் அனுப்பவில்லை என்று அந்தப் பையன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் கையில் அன்றைக்குக் காசு இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரி. போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு கடைப் பேரேட்டைத் தூக்கி மகள் முன்னால் வைத்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கடை வாடகை, நகைக் கடன், அம்மா மருந்து எல்லாம் அதில் இருக்கிறது. "கடன் வாங்காமல் உன் படிப்புக்கு 6 லட்சம். ஃபீஸ், ஹாஸ்டல், பஸ், லேப்டாப் எல்லாம் அதுக்குள்ளே. தம்பிக்கு உள்ளதைத் தொடக் கூடாது" என்றாள். மகள் அழுவாள் என்று பார்த்தேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "என் கல்யாணத்துக்குன்னு ஒரு சீட்டு கட்டுறீங்களே, அது இதில் எங்கே வருது?" என்று கேட்டாள். அதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அந்தச் சீட்டு இப்போது படிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மேனேஜ்மென்ட் கோட்டா என்கிற பேச்சை அன்றைக்கே அவளே முடித்துவிட்டாள்.

கல்விக் கடன் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் படிக்கிற காலத்துக்கும் சேர்த்து வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வாங்கு. அடைக்கப்போகிறவன் அவன்தானே.

போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் மே 8-ஆம் தேதி வந்தது. மீனாட்சி திருக்கல்யாணமும் அதே நாள். என் வீட்டுக்காரி ஒரு கையில் புதுத் தாலிக்கயிறும் மறு கையில் செல்போனுமாக நின்றாள். மகளுக்கு இன்ஜினீயரிங் கட்ஆஃப் 183. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்து மொத்தம் 200-க்குப் போடுகிற கணக்கு அது, உனக்கும் இனிமேல் மனப்பாடம் ஆகிவிடும். சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டு வந்த சொந்தபந்தம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தது. அவள் பி.எஸ்சி. கணக்கு படிக்கிறேன் என்று சொன்னதும் ஒரு அமைதி. "183 வாங்கிட்டு பி.எஸ்சி.யா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். அவர் மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பதை யாரும் அப்போது ஞாபகப்படுத்தவில்லை. நானும் மரியாதைக்காக விட்டுவிட்டேன்.

இதில் பெற்றவர்களைப் படுத்துவது தேதிக் குழப்பம்தான், அதைச் சரியாகப் புரிந்துகொள். கலைக் கல்லூரிகள் ரிசல்ட் வந்த கையோடு சேர்க்கையை ஆரம்பித்து ஜூனில் வகுப்பையும் தொடங்கிவிடும். இன்ஜினீயரிங் கவுன்சலிங் ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை இழுக்கும். இரண்டிலும் ஒரு காலை வைத்திருக்கிற பிள்ளைகள், இங்கே ஃபீஸ் கட்டிச் சேர்ந்துவிட்டு அங்கேயும் காத்திருக்கும். என் மகளும் அப்படித்தான். இங்கே லேடி டோக் காலேஜில் கணக்குக்குச் சேர்ந்தாள். எய்டட் பிரிவு, அதாவது அரசு உதவி பெறுகிறது. இந்த எய்டட் சமாசாரத்தை நீ விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரே பட்டத்துக்கு எய்டட் என்றால் ஒரு ஃபீஸ், செல்ஃப் ஃபைனான்ஸ் என்றால் அதைப்போலப் பல மடங்கு. விண்ணப்பம் போடும்போதே இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளாதவர்கள் ஃபீஸ் கட்டுகிற கவுன்டரில்தான் முழிக்கிறார்கள்.

அப்புறம் அண்ணா பல்கலை கவுன்சலிங்குக்குக் கல்லூரி வரிசை போடுகிற வேலை. நானூறுக்கும் மேலே கல்லூரிகள், அவற்றில் எத்தனையோ பிரிவுகள். ஜனங்கள் இதில் ஒரு தந்திரம் பண்ணுவதாக நினைத்து, நிச்சயம் கிடைக்கிறதை மேலே போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அதுதான் கிடைக்கும், அதற்குக் கீழே நீ ஆசைப்பட்டு எழுதியதைக் கம்ப்யூட்டர் பார்க்கவே பார்க்காது. உன் தரவரிசை வரும்போது பட்டியலில் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுத்துவிடும். அதனால் ஆசையின் வரிசையிலேயே போட வேண்டும். கிடைக்காது என்று தோன்றுவதை முதலில் எழுதினால் நஷ்டம் ஒன்றும் கிடையாது. போக மனசில்லாத ஊரை எழுதவே கூடாது. மகள் தியாகராசர் இன்ஜினீயரிங்கில் கம்ப்யூட்டரைப் போட்டாள், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியைப் போட்டாள், கடைசியில் என் ஆசைக்காகக் காரைக்குடி அழகப்பா அரசுக் கல்லூரியில் ட்ரிபிள் ஈயை, அதாவது எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்கை, எழுதினாள். கடைசியில் பார்த்தால் என் வரிதான் பலித்தது!

1952-இல் ஆரம்பித்த கல்லூரி, அரசு ஃபீஸ், ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஒத்துக்கொள்கிறாயா, வேண்டாமா, மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறாயா என்று பதில் சொல்லக் கெடு கொடுப்பார்கள். நான் என் எண்ணத்தை ஒரு தடவை சொன்னேன், அதோடு வாயை மூடிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும், நான் வாயை மூடுகிற ஆளா? அவள் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து பழகிவிட்டாள், வேண்டாம் என்று பதில் கொடுத்துவிட்டாள். எனக்கு வருத்தம்தான், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. முதல் செமஸ்டரில் நல்ல மார்க். பெரிய கண்டுபிடிப்பாளராக வரப்போகிறாள் என்றெல்லாம் இல்லை, காலையில் எழுப்பாமல் எழுந்து கிளம்புகிறாள். காரைக்குடியே நல்லதாக இருந்திருக்குமோ என்று கேட்டால், இருந்திருக்கலாம்.

இனி உன் வீட்டுக்கதை. வக்கீல் படிப்பு என்றதும் கறுப்புக் கோட்டும் மரத்தடி டைப்ரைட்டரும்தான் உனக்குத் தெரிகிறது போலிருக்கிறது. அரசுச் சட்டக் கல்லூரிகளில் ஐந்து வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தரவரிசை போட்டுக் கவுன்சலிங் நடத்துகிறது. விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் வரும். மதுரைச் சட்டக் கல்லூரியும் அதில்தான். திருச்சியில் இருக்கிற தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வேறு கணக்கு, அதற்குக் கிளாட் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அது டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஃபீஸும் நீ தாங்குகிற அளவு இல்லை. அதனால் இந்த வருஷம் அரசுக் கல்லூரிதான் பேச்சு. ஃபீஸைக் கேட்டால், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நீ எடுத்துவைத்திருக்கிற பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும் என்றுதான் தோன்றுகிறது.

மிஞ்சுகிற பணத்தை என்ன செய்வது என்பதையும் அவனிடம் சொல். பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்வையும் எழுதி, ஒரு சீனியரிடம் சேர்ந்த பிறகு முதல் சில வருஷம் கையில் பெரிதாக எதுவும் வராது. பஸ் காசுக்கே வீட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து வருஷப் படிப்பு, அதற்கு மேல் இந்த வறட்சிக் காலம். இதற்கு நீ தயாரா, அவன் தயாரா என்று பேசுங்கள். "உன்னால் முடியாதுடா" என்று நீ சொல்வதைவிட, "இத்தனை வருஷம் இவ்வளவு ரூபாய் நான் தருவேன், அதற்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்வதில் அவனுக்கு மரியாதை அதிகம். அதைக் கேட்டு அவனே மனசை மாற்றிக்கொண்டாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி.

அவன் இன்ஜினீயரிங்குக்கே வந்தால் ஒன்றிரண்டு விஷயம். ரிங் ரோட்டில் நிற்கிற விளம்பரப் பலகைகளில் 100 சதவீத வேலை வாய்ப்பு என்று போட்டிருப்பதை நம்பாதே. எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், நடுவாந்தரமான பையனுக்கு என்ன சம்பளம் வந்தது என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடு. அண்ணா பல்கலை கல்லூரி வாரியாகத் தேர்ச்சி சதவீதம் வெளியிடுகிறது, அதைப் பார். தன்னாட்சிக் கல்லூரிகள் பரீட்சையைத் தாங்களே நடத்துவதால் அவற்றை அதோடு ஒப்பிட முடியாது. ரிசல்ட்டுக்கு முன்னாலேயே "சார், பையனுக்கு சீட் ரெடியா இருக்கு" என்று போன் வரும். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்ட எல்லோருமே டக்கென்று வைத்துவிட்டார்கள்.

எந்தக் கல்லூரியிலும் ஒரிஜினல் சான்றிதழை விட்டுவிட்டு வராதே. என் இன்னொரு தங்கச்சி மகனை ஒரு தனியார் கல்லூரி இப்படித்தான் பிடித்துவைத்தது. வேறு இடம் கிடைத்தும், முழு வருஷ ஃபீஸையும் கட்டிவிட்டுத்தான் சான்றிதழை வாங்க முடிந்தது. கல்லூரிகள் ஒரிஜினலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஃபீஸைத் திருப்பித் தரவும் தேதி வைத்து உத்தரவு போடுகிறது; 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணம் என்று இருந்தது. இந்த வருஷத் தேதியைப் பார்த்து அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள். தாளைக் காட்டினால் கவுன்டரில் குரல் தணியும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டுக்கும் இப்போதே இ-சேவையில் போட்டுவிடு. உன் வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்காததால் முதல் பட்டதாரிச் சான்றிதழும் போடு, இன்ஜினீயரிங் கவுன்சலிங் என்றால் படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. மே மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்.

பரீட்சை முடிந்ததும் மருமகனை நைட் பஸ்ஸில் ஏற்றி இங்கே அனுப்பு. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிறார், என் கடை வாடகை வழக்கைப் பார்க்கிறவர். அவர் ஜூனியர்களோடு ஒரு வாரம் சுற்றட்டும், வாய்தா என்றால் என்ன என்று பார்க்கட்டும். ஒரு நாள் ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளைக்கும் அவரே கூட்டிப் போவார். சாப்பாடும் படுக்கையும் என் பொறுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அம்மா உனக்குக் கறிவேப்பிலைப் பொடி அரைத்து வைத்திருக்கிறது, பையன் திரும்பும்போது கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் திருமங்கலத்து மாப்ளை