விஸ்காம் சேர்ந்த பிறகு யாரிடம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கையையொட்டி வந்த உங்கள் கல்வி மலரில் விஷுவல் கம்யூனிகேஷன் எனும் விஸ்காம் படிப்புக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படித்தால் என்னென்ன ஆகலாம் என்ற பட்டியல் நீளமாக இருந்தது. இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர், விளம்பரம், தொலைக்காட்சி, அனிமேஷன். எல்லாம் சரிதான். ஆனால் சேர்ந்த பிறகு அந்த மூன்று வருடத்தில் எந்தப் பாடத்தை எதற்காக எடுப்பது, எதை விட்டால் பின்னால் எது கிடைக்காமல் போகும் என்பதை மாணவர் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்? அதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிக்கலவை வேலை பார்க்கிறேன். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் கேட்டு விஸ்காம் பிள்ளைகள் வருவார்கள். போன மே மாதம் வந்த ஒரு மாணவிக்கு நல்ல காது. வசனத்தின் பின்னால் ஓடும் ஏ.சி. இரைச்சல் எந்த ஷாட்டில் மாறுகிறது என்று ஹெட்போனை மாட்டிய உடனே சொல்லிவிட்டார். "டிகிரி முடிச்சதும் புனே போய் சவுண்டு படிக்கணும் சார்" என்றார். பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்டேன். காமர்ஸ்.

புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பிரிவுக்கு எந்தப் பட்டம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளாக இருந்துவரும் விதி. கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியிலும் அப்படித்தான். இது ஒன்றும் ரகசியம் இல்லை, சேர்க்கை அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. "ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரியும் சார், நான் புனே போகப் போறேன்னு" என்றார். அத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும், "பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் காட்டும்மா" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எடிட்டிங், இயக்கம் போன்ற பிரிவுகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஒலிதான் வேண்டுமென்றால் ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்து கற்றுக்கொண்டும் மேலே வரலாம். எங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் இதையெல்லாம் இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகு ஒரு மிக்ஸிங் ரூமில் உட்கார்ந்தா தெரிந்துகொள்வது?

எலெக்டிவ் எனும் விருப்பப் பாடத்தைத் தேர்வு செய்வது எப்படி நடக்கிறது என்று வருகிற பிள்ளைகளிடம் கேட்பேன். பெரும்பாலும் ஒரே கதைதான். இரவில் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் வரும், காலைக்குள் நிரப்ப வேண்டும். வகுப்பில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று பேர் எதை எடுக்கிறார்களோ அதையே மற்றவர்களும் எடுப்பார்கள். இல்லையென்றால் அந்த வருடம் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவர் நடத்தும் பாடம்தான் எல்லாருக்கும் 'விருப்பப் பாடம்'. துறைக்கு வெளியே எடுக்க வேண்டிய நான்-மேஜர் எலெக்டிவ் இன்னும் மோசம். எதில் மார்க் சுலபம் என்பது ஒன்றுதான் கணக்கு. கதை எழுத ஆசைப்படும் பையனுக்கு உளவியலோ வரலாறோ படிக்க மூன்று வருடத்தில் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பாடங்களின் வரிசையும் பிரச்சினைதான். நான் பார்த்த பல பாடத்திட்டங்களில் ஒலி என்பது மூன்றாவது செமஸ்டர் வாக்கில் வானொலியோடு சேர்ந்து ஒருமுறை வந்துவிட்டுப் போகிறது. அதன்பிறகு கடைசி செமஸ்டர் குறும்படம் வரை ஒலியின் பக்கமே யாரும் போவதில்லை. முடித்த படத்தைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். காமிரா மைக்கில் பதிவான வசனம், நடுவில் நாய் குரைப்பு, சட்டையில் உரசும் காலர் மைக். "ரூம் டோன் தனியாக எடுத்தீர்களா?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வசனம் முடிந்ததும் எல்லாரும் அரை நிமிடம் பேசாமல் நின்று அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் போதும், வெட்டு விழுந்த இடங்களை அதை வைத்தே மூடியிருக்கலாம். பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? குறும்படம் எடுக்கும் செமஸ்டருக்கு முந்தைய செமஸ்டரில் ஒலி எலெக்டிவ் இருந்து, "உன் டீமில் ஒருத்தராவது இதை எடுங்கள்" என்று ஒரு ஆசிரியர் சொல்லியிருந்தால் தீர்ந்தது விஷயம்.

இதற்கெல்லாம் புதிதாகத் திட்டம் எதுவும் வேண்டாம். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில், மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியரான மென்டார் பற்றிக் கேட்பதுண்டு. அதனால் பெரும்பாலான கல்லூரிகளில் மென்டார் உண்டு, அவருக்கு ஒரு நோட்டும் உண்டு. நாக் குழு வரும் தேதி நெருங்கும்போது அந்த நோட்டு ஒரே பேனாவில், ஒரே நாளில், மளமளவென்று நிரம்புவதையும் பலர் பார்த்திருக்கிறோம். அதே நோட்டில் இரண்டாம் செமஸ்டர் முடிவில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கத்தை உண்மையாக எழுதலாமே. டிகிரி முடித்து எங்கே போக நினைக்கிறாய், அங்கே என்ன தகுதி கேட்கிறார்கள், உன்னிடம் என்ன இருக்கிறது, அரியர் ஏதும் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைச் சும்மா சேர்க்கவில்லை. குறும்படத்துக்குப் பரிசு வாங்கிய பையன், பகுதி ஒன்று தமிழில் ஒரு அரியரை வைத்துக்கொண்டு பட்டச் சான்றிதழ் இல்லாமல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாமல் நின்றதை நேரில் பார்த்திருக்கிறேன். ஷூட்டிங்குக்கு உதவியாளராகப் போய் 75 சதவீத வருகையைக் கோட்டைவிடுவது தனிக் கதை.

சினிமாவுக்குப் போகாதவர்களையும் நினைக்க வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்த விரும்புபவர் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வையோ மாநில அளவிலான செட் தேர்வையோ எழுத வேண்டும். நெட் பாடப் பட்டியலில் விஷுவல் கம்யூனிகேஷன் என்று தனிப் பாடம் இல்லை. பெரும்பாலோர் மாஸ் கம்யூனிகேஷன் அண்ட் ஜர்னலிசம்தான் எழுதுகிறார்கள். அதில் கேட்பது தகவல் தொடர்புக் கோட்பாடு, ஊடகச் சட்டம், ஆய்வு முறை. நம் பிள்ளைகள் 'போரிங் பேப்பர்' என்று கடைசி இரவில் படித்துத் தள்ளுவதும் இவற்றைத்தான். இந்தப் பக்கம் சினிமாவில் வேலைக்கு வருகிறவருக்கு, திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் கீழ் துறைவாரியாகச் சங்கங்கள் இருப்பதும், உறுப்பினர் அட்டை என்று ஒன்று இருப்பதும் முதல் நாள் செட்டில்தான் தெரியவருகிறது.

ஆசிரியர்கள் மீது பழி போடுவது என் நோக்கம் இல்லை. கௌரவ விரிவுரையாளராகச் சொற்பச் சம்பளத்தில் இருப்பவர் வகுப்பும் எடுத்து, காமிராவுக்கும் காவல் இருந்து, சேர்க்கை வேலையும் பார்த்து, மென்டாராகவும் இரு என்றால் அவர் என்ன செய்வார்? ஆலோசனை சொல்லும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் சேர்க்காதவரை நோட்டு ஒரே நாளில்தான் நிரம்பும். அதை நிர்வாகங்கள்தான் செய்ய வேண்டும். எங்களைப் போன்றவர்களைச் செமஸ்டருக்கு ஒரு மாலை கூப்பிட்டால் வரத் தயார். பொன்னாடை வேண்டாம், ஒரு டீ போதும்.

இன்னொன்றும் உண்டு. பிளஸ் டூ முடிப்பவர்களுக்கு அரசு 'நான் முதல்வன்' திட்டத்தில் 'கல்லூரிக் கனவு' என்று வழிகாட்டுகிறது. நல்ல காரியம். ஆனால் திரைத்துறையில் சில பிரிவுகளுக்கு அதுவே தாமதம். இயற்பியல் எடுப்பதா வேண்டாமா என்பது பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே முடிந்துபோகிறது. எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி, புனே, கொல்கத்தா ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிரிவுக்கும் பள்ளியில் என்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்து ஒரு சின்னக் கட்டம் போட்டு வெளியிடுங்கள். கல்லூரிச் சேர்க்கை மலர் வரை காத்திருக்காமல், பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்திலேயே அது வரட்டும்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைப் பணியில் இருக்கும் வாசகர்,
சாலிகிராமம், சென்னை - 93