டார்க்கிங் பட்டறைக்காரர்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வேலை, உடம்பு என்று காரணம் சொல்ல மனசு வரவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரி என்னைக் குத்திவிட்டது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் வெறும் நலம் விசாரித்து எழுதப் பிடிக்கவில்லை, அதுதான் இத்தனை நாள்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது; பேப்பரைத் தானே படிக்கிறாள். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. பெரியப்பா வீட்டு வழக்கு வாய்தாவிலேயே நிற்கிறது. வாத்தியார் போன வாரம் வந்து உன்னைத்தான் இரண்டு மணி நேரம் திட்டிவிட்டுப் போனார், வழக்கம்போல. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சரி. ஏப்ரல் 29, இங்கிலாந்தில் சொந்தமாகக் கார்ப் பந்தய அணி நடத்திய ராப் வாக்கர் இறந்த நாள் என்று எழுதியிருந்தேன். அதற்கு நீ, “விஸ்கிக் காசில் விளையாடியவர்தானே, இதில் என்ன பெருமை?” என்று கேட்டிருக்கிறாய். சோழவரத்து வெயிலில் என்னோடு நாள் முழுக்க நின்று ரேஸ் பார்த்தவன் நீ. நீயே இப்படி எழுதலாமா?

விஸ்கிக் காசுதான், மறுக்கவில்லை. ஜானி வாக்கர் குடும்பத்து வாரிசு, 1917-இல் பிறந்தவர். 1939 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் சூட் போட்டுக்கொண்டே டெலாஹே கார் ஓட்டி, கூட்டாளி இயன் கானெலோடு எட்டாவதாக வந்தவர். பாஸ்போர்ட்டில் தொழில் என்ற இடத்தில் ‘ஜென்டில்மேன்’ என்று போட்டிருந்தாராம். அதுவரை பணக்கார வீட்டுப் பிள்ளை கதை. ஆனால் 1940-இல் கல்யாணம் ஆனபோது, இனி பந்தயச் சர்க்யூட்டில் ஓட்டமாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். போரில் கடற்படை விமானியாக இருந்து உயிரோடு திரும்பிய பிறகும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். ஓட்டும் ஆசையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தி டயர் மாற்றும் பிட்டில் நின்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அவரிடம் தொழிற்சாலை இல்லை, அதை யோசித்துப் பார். லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற ஊரில் ஒரு கராஜ், கொஞ்சம் மெக்கானிக்குகள், அவ்வளவுதான். கூப்பர், லோட்டஸ் கம்பெனிகள் விற்ற பந்தய வண்டியைக் காசு கொடுத்து வாங்கி, கருநீலம் அடித்து, மூக்கில் வெள்ளைப் பட்டை போட்டுக் களத்தில் இறக்கினார். அந்த வண்டியை வைத்துக்கொண்டு, செய்து விற்றவர்களையே ஜெயித்தார்.

1958 ஜனவரி, அர்ஜென்டினா கிராண்ட் பிரி பந்தயம். வான்வால் அணியின் வண்டி தயாராகாததால் அதன் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் சும்மா இருந்தார். வாக்கரின் கூப்பர் அவருக்குக் கிடைத்தது. எஞ்சின் பின்னால் இருக்கும் குட்டி வண்டி, இரண்டு லிட்டர்கூட நிறையாத எஞ்சின். எதிரே ஃபெராரியும் மசெராட்டியும். மற்றவர்களுக்குச் சக்கரம் கழற்ற நடுவில் ஒரே நட்டு, சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். கூப்பருக்கு நாலு போல்ட். டயர் மாற்ற நின்றால் பந்தயம் போச்சு. அதனால் மாற்றுவதுபோல நடித்தார்கள். பிட்டில் டயரை எடுத்துத் தயாராக வைத்தார்கள். எப்படியும் நிற்கப் போகிறவன்தானே என்று எதிரணியினர் துரத்தாமல் விட்டார்கள். மாஸ் நிற்கவே இல்லை. ரப்பர் தேய்ந்து உள்ளே துணி தெரிகிற டயரோடு, எண்ணெய் படிந்த வழுக்கல் பக்கமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டி, லூயிஜி மூசோவின் ஃபெராரியை 2.7 விநாடியில் முந்தி முடித்தார். உலகச் சாம்பியன்ஷிப்பில் பின்பக்க எஞ்சின் வண்டிக்கு அதுதான் முதல் வெற்றி. கூப்பர் கம்பெனிக்கும் அதுதான் முதல் வெற்றி. இரண்டு வருடம் கழித்து மொனாக்கோவில் லோட்டஸுக்குக் கிடைத்த முதல் வெற்றியும் லோட்டஸின் சொந்த அணி வாங்கிக் கொடுத்ததில்லை. அதுவும் வாக்கரின் நீல வண்டி, மாஸ்தான் ஓட்டினார். காசு மட்டும் போதும் என்றால் இது நடக்குமா, சொல்.

1961 மொனாக்கோவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நீ எழுந்து போய்விடுவாய், தெரியும். கடிதத்தில் அது முடியாது, உட்கார். முப்பது குதிரைத் திறனுக்கு மேல் கூடுதலாக வைத்திருந்த ஃபெராரிகள் மூன்று. வாக்கரிடம் பழைய லோட்டஸ் 18. புறப்படுவதற்குச் சற்று முன் வண்டியின் இரும்புச் சட்டத்தில் விரிசல் தெரிந்தது. பெட்ரோல் நிரம்பிய டாங்கின் பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிவைத்து, வாக்கரின் மெக்கானிக் ஆல்ஃப் பிரான்சிஸ் அங்கேயே வெல்டிங் போட்டார். மற்றவர்கள் எல்லாம் விலகி நின்றார்கள். வெக்கைக்காகப் பக்கத் தகடுகளைக் கழற்றிப்போட்டுவிட்டு, மாஸ் நூறு சுற்று, இரண்டே முக்கால் மணி நேரம் ஓட்டினார். கடைசியில் வித்தியாசம் 3.6 விநாடி. வாக்கருக்கும் மாஸுக்கும் நடுவில் எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. கை குலுக்கியதோடு சரி.

அடுத்த வருடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. 1962-க்கு என்ஸோ ஃபெராரியே ஒரு காரை வாக்கரின் நீலத்தில் தரச் சம்மதித்திருந்தார். ஃபெராரியின் சிவப்பை விட்டுக்கொடுத்து, மாப்பிள்ளை! அந்த வண்டி வருவதற்குள், ஏப்ரலில் குட்வுட்டில் வேறொரு அணியின் லோட்டஸில் மாஸ் மோதி, அவருடைய கிராண்ட் பிரி வாழ்க்கையே முடிந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி மெக்சிகோவில் பயிற்சியின்போது ரிக்கார்டோ ரோட்ரிகஸ் வாக்கரின் லோட்டஸில் இறந்தான். இருபது வயது. சொந்த ஊர் ஜனங்களுக்கு முன்னால். டிசம்பரில் டர்பனில் கேரி ஹாக்கிங். மோட்டார் சைக்கிளில் உலகச் சாம்பியன். நண்பன் டாம் ஃபிலிஸ் பைக் பந்தயத்தில் இறந்தபின், பைக் வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று காருக்கு வந்தவன். அவனும் வாக்கரின் வண்டியில்தான், பயிற்சியில்தான். ஒரே வருடத்தில் இது எல்லாம். காசு போட்டு விளையாடினார் என்று நீ எழுதினாயே, தான் வாங்கிக்கொடுத்த வண்டியில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகள் போனபிறகு அந்த மனுஷன் எப்படித் தூங்கியிருப்பார்? இந்தக் கேள்விதான் என்னை நாலு மாதம் எழுதவிடாமல் பண்ணியது.

அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. ஜோ போனியர், பிறகு ஜோ சிஃபெர்ட் என்று ஓட்டுநர்களை வைத்து அணியை நடத்தினார். 1968-இல் புதிதாக வாங்கிய லோட்டஸ் 49-ஐ சிஃபெர்ட் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் பயிற்சியில் மோதினான். அதைப் பிரித்துப் போட்டிருந்த டார்க்கிங் பட்டறை தீப்பிடித்து, வண்டியும் சாமானும் கரியாயின. மறுபடி ஒன்று வாங்கினார். ஜூலை 20, அதே பிராண்ட்ஸ் ஹாட்ச். லோட்டஸின் சொந்த அணி அந்த வருடம்தான் சிகரெட் கம்பெனி நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த இரண்டு வண்டிகளும் வழியிலேயே நின்றுவிட, நீல வண்டி முதலில் வந்தது. கிறிஸ் அமோனின் ஃபெராரி 4.4 விநாடி பின்னால். அவருடைய ஒன்பதாவது வெற்றி, கடைசி வெற்றி. தனியாள் வாங்கி ஓட்டவிட்ட வண்டி இப்படி ஜெயித்ததும் அத்தோடு சரி. 1970-இல் கால் இரண்டும் நொறுங்கித் தேறிவந்த கிரஹாம் ஹில்லுக்கு வண்டி கொடுத்தார். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலும் பந்தயங்களைப் பற்றி எழுதினார். 2002-இல் போய்ச் சேர்ந்தார்.

உன் வீட்டுப் பரணில் அந்தப் பழைய மோட்டார் பத்திரிகைக் கட்டு இன்னும் இருக்கிறதா? வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டுவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அட்டை கிழிந்த ஒன்றில் சிஃபெர்ட்டின் நீல வண்டி முழுப் பக்கத்துக்கு இருக்கும். அதை மட்டுமாவது மடிக்காமல் அனுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பு, செலவு என்னுடையது.

என்றும் உன்,
மாப்பிள்ளை