செயலாளரின் ஆண்டறிக்கை 2024: கடைப் பொருளால் வீட்டுக்கு நேர்ந்த சேதமும் நட்டஈடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, சங்க உறுப்பினர்களே,

சென்ற ஆண்டில் எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் நிர்வாகசபை ஒன்பது தடவை கூடியது. உள்வீதித் திருத்தமும் வாய்க்கால் துப்புரவும் பொருளாளரின் அறிக்கையில் கணக்குடன் வருவதால் அவற்றை இங்கு விரிக்கவில்லை. கடையில் வாங்கிய பொருளால் வீடு சேதமானால் எங்கே போய் நட்டஈடு கேட்பது என்று ஆனி மாதக் கூட்டத்தில் எழுந்த கேள்வியே ஆண்டு முழுவதும் எம்மைத் தொடர்ந்தது. அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன்.

சித்திரையில் நகரத்துக் கடையொன்றில் 3,800 ரூபாவுக்கு நான் வாங்கிய சார்ஜ் லைற், வைகாசியில் ஓர் இரவு சார்ஜில் கிடந்தபடியே உப்பி எரிந்து, மகளின் படிப்பு மேசையையும் யன்னல் நிலையின் ஒரு பக்கத்தையும் கருக்கிவிட்டது. இந்திய அரசு உதவிய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவைக் கட்டங்கட்டமாகப் பெற்று, போதாததற்குக் கடன்பட்டுக் கட்டிய வீடு அது. மறுநாள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் என்பதால், விடியுமுன்னரே கரியைக் கழுவி, உருகிய லைற்றைக் குப்பைக் கிடங்கில் போட்டு எரித்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டோம். வீட்டோடு சேர்த்து என் முறைப்பாட்டையும் நானே துப்புரவாக்கிவிட்டேன் என்பது, "கரண்ட் கூடி வந்திருக்கும்" என்று கடைக்காரர் கையை விரித்தபோதுதான் விளங்கியது. அவரை மறுக்க என்னிடம் லைற்றும் இல்லை, படமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருள் பற்றிய முறைப்பாட்டை அந்த அதிகார சபையிடம் எழுத்தில் கொடுக்கலாம். விசாரணையில் குறை நிரூபணமானால் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ அதிகார சபை கட்டளையிடும். ஆனால் முறைப்பாடு கொடுப்பதற்குரிய மூன்று மாதம், சேதம் நேர்ந்த நாளிலிருந்து அல்ல, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. "இன்று போவோம், நாளை போவோம்" என்று நான் இருந்த நாட்களில் அந்தக் காலமும் கடந்துபோயிற்று. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டம் கூறுகிறது. கேட்பதற்குத்தான் நமக்கு வெட்கம். திருவிழாக் கடையில் வாங்கியதற்கு யாரிடம் பற்றுச்சீட்டுக் கேட்பது என்று ஓர் உறுப்பினர் வினவியதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஆவணியில் நேர்ந்தது வேறு விதம். எமது மூத்த உறுப்பினரான அம்மா ஒருவரின் வீட்டில், வாங்கி ஒரு மாதமேயான சலவை இயந்திரத்தில் குழாயை இணைக்கும் பூட்டு வெடித்து, இரவு முழுவதும் ஓடிய தண்ணீர் விறாந்தையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் அடிவரிசையை நனைத்துவிட்டது. அவர் எதையும் அசைக்கவில்லை. பேரன் தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்தான். வெடித்த பூட்டை ஒரு பால்மா ரின்னில் போட்டு மூடி வைத்தார்கள். கிராம அலுவலர் வந்து பார்த்துக் கடிதம் தந்தார். சுவரின் அடிப்பூச்சு உப்பியதைத் திருத்த எவ்வளவு ஆகும் என்று மேசனிடம் எழுதி வாங்கினோம். இவற்றின் பிரதிகளுடன் மாவட்டச் செயலகத்தில் இயங்கும் அதிகார சபையின் அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கையளித்தோம். கடைக்காரர் இயந்திரத்தை உடனே மாற்றித் தந்தார், நெல்லுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார். விசாரணைக்கு அழைக்கப்பட்ட பின்னரே பதினொரு மூட்டையின் விலையையும் மேசன் கூலியையும் இரண்டு தவணையில் தர இணங்கினார். முளைவிட்ட நெல்லைக் கோழிக்குப் போட்ட கணக்கைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லைப் போலும்.

அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டவர்களுக்கு, பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் இணக்க சபை உண்டு. அது தீர்ப்பு வழங்காது. இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் அதற்கான சான்றிதழைத் தரும், அதைக் கொண்டு நீதிமன்றம் செல்லலாம். என் விடயத்தை நான் அங்கேயும் கொண்டுபோகவில்லை. 3,800 ரூபா லைற்றுக்காக எத்தனை நாள் கூலியை இழப்பது என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே.

முறைப்பாட்டுக் கடிதத்தின் மாதிரி ஒன்றும், அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் சங்க மண்டபக் கதவில் ஒட்டப்பட்டுள்ளன. பிரதியெடுத்த செலவு 640 ரூபா சங்கக் கணக்கில் எழுதப்பட்டுள்ளது. இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்