103 நாளாக முத்திரைக்குள் கிடக்கும் ஸ்ரோபெரிப் பெட்டிகள்: நான்காவது கோரிக்கை மனு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
ஒக்டோபர் 14

உணவுப் பரிசோதனைக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கட்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: இறக்குமதி உறைபழங்களின் பரிசோதனை முடிவைத் தரும்படி, அல்லது பழங்களை அழித்துவிடும்படி கோரல்

ஜூலை 21, ஆகஸ்ட் 11, செப்ரெம்பர் 4 ஆகிய திகதிகளில் நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் கிடைக்காத காரணத்தால் இதனைத் தாழ்மையுடன் எழுதுகின்றேன். மூன்றும் பதிவுத் தபாலில் போனவை. பற்றுச்சீட்டுகளின் பிரதி இணைப்பில் உண்டு. பலாலி வீதியால் வந்து எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கினால் இடக்கைப் பக்கம் நீலக் கேற். தங்கள் கந்தோர் வாகனம் இரண்டு தரம் வந்து நின்ற வாசல்தான், ஆகவே இடத்தைப் பற்றி மேலும் எழுதவில்லை.

1. நான் இங்குள்ள கூல் பார்களுக்கும் ஐஸ்கிறீம் கடைகளுக்கும் உறைபழம் கொடுக்கும் சிறு வியாபாரி. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எங்கள் வளவிலேயே காய்க்கும், அதற்குக் கப்பல் தேவையில்லை. ஸ்ரோபெரிக்குத் தேவை. கொழும்பு இறக்குமதியாளர் ஒருவருடன் பங்கு சேர்ந்து எகிப்துப் பழம் 10 கிலோப் பெட்டியாக 96 எடுத்தேன். துறைமுகத்தில் கடதாசிகள் பார்த்து விடுவிக்கப்பட்ட பெட்டிகள், குளிர் லொறியில் ஏ9 வீதியால் வந்தவை. லொறியின் வெப்பநிலைப் பதிவும் இணைப்பில் உண்டு.

2. ஜூலை 3ஆம் திகதி தங்கள் உத்தியோகத்தர் இருவர் வந்தார்கள். இரண்டு பெட்டிகளில் காலாவதித் திகதியின் மை அழிந்திருந்தது. மாதிரி எடுத்தார்கள், ஒரு பங்கை முத்திரையிட்டு என்னிடம் தந்தார்கள், மிச்சப் பெட்டிகள் இருந்த நான்கு பிறீசர்களின் மூடிகளுக்கும் முத்திரை ஒட்டினார்கள். மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். பரிசோதனை கூடாது என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, ஐயா. 2012இல் ஜேர்மனியில் பள்ளிக்கூடச் சாப்பாட்டில் போட்ட உறைந்த ஸ்ரோபெரியால் ஏறக்குறைய 11,000 பேருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. காரணம் நொரோவைரஸ் என்ற கிருமி. குளிரில் அது சாகாது, கொதிக்க வைக்கவேண்டும். என்னுடைய பழத்தைக் குடிப்பதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். இரண்டு கிழமையில் முடிவு வரும் என்றார்கள், சரி என்றேன்.

3. இன்று 103ஆம் நாள். என் முறைப்பாடு முழுவதும் இந்த ஒன்றுதான்.

முத்திரை தங்களுடையது. ஆனால் உள்ளே மறை 18 பாகைக் குளிரை (சைபருக்குக் கீழ் 18) காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். காலையும் மாலையும் பார்த்து சீ.ஆர். கொப்பியில் குறிக்கிறேன். விற்க முடியாது, வீச முடியாது, மூடியைத் திறந்து பார்க்கவும் முடியாது. இந்த நான்கு பிறீசருக்கு மட்டும் மாதம் 20,000 ரூபாவுக்குக் கிட்டக் கரண்ட் காசு போகிறது.

செப்ரெம்பர் 19 இரவு காற்றோடு மழை. வேப்பங்கொப்பு முறிந்து லைனில் விழுந்து 11 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றர் இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. மகன் கானைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் டீசலுக்கு ஓடினான், அந்த நேரம் எந்தப் பெற்றோல் செற் திறந்திருக்கும்? நானும் மனைவியும் சாக்கும் பழைய போர்வையும் போட்டு பிறீசர்களைச் சுற்றினோம். விடியப் பார்க்க மூன்று பிறீசரில் மறை 14, மறை 15. நான்காவது பழையது, அதில் மறை 3. மூடி விளிம்பால் ரோசா நிறத்தில் ஒரு கோடு வடிந்து சீமெந்தில் காய்ந்திருந்தது. அதை நான் கழுவவில்லை. வருகிறவர்கள் பார்க்கட்டும்.

என்னிடம் தந்த மாதிரிப் பைக்கற், அந்த நான்காவதைப் போலவே பழைய, முத்திரை இல்லாத இன்னொரு பிறீசரில்தான் கிடந்தது. ஜூலையில் குலுக்கினால் உள்ளே பழங்கள் போளை மாதிரி உருளும். இப்போது செங்கல் மாதிரி ஒரே கட்டி. உருகி, மறுபடி உறைந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நாளைக்கே "பழம் நல்லது" என்று முடிவு வந்தாலும் அது ஜூலைப் பழத்துக்கான முடிவு. இன்றைக்கு உள்ளே கிடக்கும் பழத்துக்கு யார் பொறுப்பு, ஐயா?

4. கந்தோருக்குப் போன் எடுத்தால் ஒருவர் மாதிரி ஆய்வுகூடத்தில் என்கிறார். மற்றவர் ரிப்போட் வந்துவிட்டது, கையெழுத்துத்தான் இல்லை என்கிறார். மூன்றாமவர் கோவை இலக்கம் கேட்கிறார். இலக்கம் தரவேண்டியது நானா?

5. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் போய்விட்டது. வருடத்தில் எங்களுக்கு நல்ல வியாபாரம் இருப்பது அந்த 25 நாள்தான்.

6. ஆகவே தங்களிடம் வேண்டுவது: முடிவு வந்திருந்தால் எழுத்தில் தாருங்கள். பிழையென்றால் தங்கள் முன்னிலையிலேயே கிடங்கு வெட்டித் தாட்டுவிடுகிறேன், நட்டஈடு கேட்கமாட்டேன். சரியென்றால் ஓர் உத்தியோகத்தரை அனுப்பி முத்திரையை உடைத்து, பிறீசர் பிறீசராகப் பார்த்து, உருளுகிற பழத்தை விடுவியுங்கள். கட்டியான பழத்தையும் அவர் பார்த்து உதவாது என்றால் தாட்டுவிடுவோம். உதவும் என்றால் அவர் நிற்கும்போதே கொதிக்கவைத்து ஜாமாக்க அனுமதியுங்கள். பெரிய பானை இருக்கிறது, விறகும் இருக்கிறது.

7. எது என்றாலும் சொல்லுங்கள். இல்லை என்றாவது சொல்லுங்கள். ஒரு வரி போதும், ஐயா. மாரி தொடங்கிவிட்டது, இன்னும் எத்தனை இரவு கரண்ட் போகும் என்று தங்களுக்கும் தெரியும். தயவுசெய்து ஒருவரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உறைபழ வியாபாரி, கோண்டாவில்

இணைப்பு: பற்றுச்சீட்டுகள் 3, லொறி வெப்பநிலைப் பதிவு, சீ.ஆர். கொப்பியின் பிரதி, படங்கள் 4.

பி.கு: நேற்றுக் காலை இரண்டாவது பிறீசரின் முத்திரை ஈரத்தில் ஊறித் தானாகவே கழன்று விழுந்துவிட்டது. நான் கை வைக்கவில்லை. விழுந்த இடத்திலேயே கிடக்க விட்டுப் படம் எடுத்திருக்கிறேன். நான்காவது படம் அதுதான்.